ஈயடிச்சான் காப்பியும் வழிநூலும்: ஆல்பம் அட்டைகள் பற்றி ஒரு வழக்கு

இரண்டு ஆல்பம் அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, மேலே 'சுட்டது' என்று எழுதிப் போட்டால் போதும், இணையத்தில் நூறு பேர் சிரித்துவிட்டுப் பகிர்வார்கள். மெட்டைச் சுட்டதாகச் சொல்ல வேண்டுமென்றால் காதும் கொஞ்சம் இசைப் பழக்கமும் வேண்டும். அட்டைப்படத்துக்குக் கண் மட்டும் போதும். அதனால்தானோ என்னவோ இந்த வழக்குகளில் தீர்ப்பு அவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது. என் கட்சி வேறு. இசைத்தட்டு உறை என்கிற கலை ஆரம்பத்திலிருந்தே பிற படங்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தது. ஆகவே 'இது அதைப் போல இருக்கிறது' என்று கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை. எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது, விலகிய இடத்தில் யோசனை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நன்னூல் இதற்கு ஓர் அளவுகோலே வைத்திருக்கிறது. நூல்களை முதல், வழி, சார்பு என்று பிரிக்கும் பவணந்தியார், வழிநூல் முன்னோர் நூலோடு முடிவில் ஒத்துப்போக வேண்டும், பின்னால் வந்தவன் தேவையென்று நினைத்த வேறுபாட்டையும் கொண்டிருக்க வேண்டும் என்கிறார். ஒத்துப்போவது அங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை, தகுதியாகவே சொல்லப்படுகிறது. இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு ராக், ஜாஸ் ரெக்கார்டு அட்டைகள் பக்கம் போய்ப் பார்க்கலாம்.

எல்லாருக்கும் தெரிந்த ஜோடியிலிருந்தே ஆரம்பிப்போம். 1956-இல் ஆர்சிஏ விக்டர் வெளியிட்ட எல்விஸ் பிரெஸ்லியின் முதல் ஆல்பம். 1979 டிசம்பரில் வந்த த கிளாஷ் குழுவின் 'லண்டன் காலிங்'. இரண்டிலும் கறுப்பு வெள்ளை மேடைப் புகைப்படம். இரண்டிலும் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக இளஞ்சிவப்பு எழுத்து, அடியில் குறுக்காகப் பச்சை எழுத்து. எல்விஸின் பெயர் இருந்த இடத்தில் லண்டன். பிரெஸ்லி இருந்த இடத்தில் காலிங். வடிவமைத்தவர் கார்ட்டூனிஸ்ட் ரே லௌரி. எங்கிருந்து எடுத்தார் என்பதை அவர் மறைக்கவே இல்லை. இப்போது படத்துக்குள் போங்கள். எல்விஸ் கண்ணை மூடி, வாயை முழுக்கத் திறந்து, முகத்தை மேலே தூக்கிப் பாடுகிறார். கிட்டார் மார்போடு அணைந்திருக்கிறது. பல்லும் தொண்டையும்கூடத் தெரிகின்றன. கிளாஷ் படத்தில் பால் சிமனனின் முகமே இல்லை. உடல் வில்லாக வளைந்திருக்கிறது, தலை கவிழ்ந்திருக்கிறது, இரண்டு கையாலும் பேஸ் கிட்டாரின் கழுத்தைப் பிடித்து, கோடாலியால் விறகு பிளப்பவரைப் போலத் தரையில் அடிக்கப்போகிறார். 1979 செப்டம்பரில் நியூயார்க் பல்லேடியம் அரங்கில் பென்னி ஸ்மித் எடுத்த படம் அது. ஃபோகஸ் சரியாக இல்லை, இதைப் போடாதீர்கள் என்று அவரே தடுத்துப் பார்த்தாராம். ஒன்றில் ராக் அண்ட் ரோல் பிறக்கிற நொடி, மற்றதில் அதன் கருவி உடைகிற நொடி. இதே குழு 1977-இல் ஒரு பாட்டில் எல்விஸும் பீட்டில்ஸும் இனி வேண்டாமென்று கைகழுவியிருந்தது; அந்த வருடம் ஆகஸ்டில் எல்விஸ் இறந்தும் போனார். இரண்டு வருடம் கழித்து அவருடைய எழுத்தையும் நிறத்தையும் எடுத்துத் தங்கள் அட்டையில் வைக்கிறார்கள். மரியாதையா, கிண்டலா, உரிமை கோரலா என்று கேட்டால் மூன்றும்தான். இத்தனையையும் சொல்ல அவர்களுக்கு ஒரு வார்த்தை தேவைப்படவில்லை, ஏனென்றால் எல்விஸ் அட்டை ஏற்கெனவே வாங்குபவர் மனதில் இருந்தது. எழுத்தின் நிறத்தை மாற்றியிருந்தால் அது நல்லதொரு மேடைப் புகைப்படமாக மட்டும் நின்றிருக்கும்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும், நியாயமானதுதான். இதுவரை வெளியான ரெக்கார்டுகள் லட்சக்கணக்கில் இருக்கும், எல்லாம் சதுரம், பெரும்பாலானவற்றில் மனித முகம், கை, சாலை, வானம். தேடினால் ஜோடி கிடைக்காமல் என்ன செய்யும்? சரி, ஒரு விஷயம் மட்டும் ஒத்துப்போனால் நானும் தற்செயல் என்றுதான் சொல்வேன். ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத முடிவுகள் பல சேர்ந்து ஒத்துப்போனால் தற்செயல் என்ற பேச்சுக்கு இடம் குறைகிறது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இளஞ்சிவப்பும் பச்சையும்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒன்று செங்குத்தாகவும் மற்றது கிடையாகவும் நிற்க வேண்டும் என்றும் இல்லை. இந்தச் சோதனையை எதிர்த்திசையிலும் வைக்கலாம். 1963 நவம்பரில் வந்த 'வித் த பீட்டில்ஸ்' அட்டையில் நான்கு முகங்கள், பாதி வெளிச்சத்தில், பாதி இருட்டில். 1974-இல் வந்த 'குயின் 2' அட்டையிலும் நான்கு முகங்கள் கறுப்புப் பின்னணியிலிருந்து மேலெழுந்து வருகின்றன. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் பீட்டில்ஸைப் பார்த்து குயின் போட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் குயின் படத்தை எடுத்த மிக் ராக் மனதில் இருந்தது 1932-இல் வந்த 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' படத்தில் மார்லின் டீட்ரிச்சின் ஸ்டில் ஒன்று. மேலிருந்து விழும் ஒளி, கன்னக் குழியில் நிழல், மார்புக்கு அருகில் கைகள்: ஃப்ரெடி மெர்க்குரி கைகளை வைத்திருக்கும் விதத்தைப் பார்த்தால் பீட்டில்ஸைவிட டீட்ரிச்தான் அங்கே தெரிகிறார். பீட்டில்ஸ் படத்தை எடுத்த ராபர்ட் ஃப்ரீமனுக்கோ முன்மாதிரி ஹாம்பர்க் நாட்களில் ஆஸ்ட்ரிட் கிர்ஷர் எடுத்த படங்கள். ஆக இவை அப்பன்–மகன் முறை இல்லை. தூரத்துப் பங்காளி என்று வேண்டுமானால் சொல்லலாம். ஒற்றுமையைக் கண்டவுடன் வம்சாவளி எழுத உட்காரக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம். 1986-இல் ஜெனிசிஸ் குழு 'லேண்ட் ஆஃப் கன்ஃப்யூஷன்' சிங்கிளுக்குத் தங்கள் கேலி பொம்மைத் தலைகளை அதே பாதி வெளிச்சத்தில் வைத்தபோது சந்தேகத்துக்கே இடமில்லை. அது பீட்டில்ஸ்தான்.

அப்படியானால் யாரும் யாரையும் பார்க்காமலே ஏன் இத்தனை அட்டைகள் ஒரே சாடையில் இருக்கின்றன? பாதிக் காரணம் அட்டையே. 1940 வரை அமெரிக்காவில் ரெக்கார்டு ஆல்பம் என்றால் புத்தகம் போலக் கட்டிய பழுப்பு, சாம்பல் நிற அட்டை, முதுகில் பெயர். கடைக்காரர்கள் அவற்றைக் கல்லறைக் கல் என்றே அழைத்தார்கள். அந்த வருடம் கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இருபத்து மூன்று வயது இளைஞர், ராட்ஜர்ஸ்–ஹார்ட் பாடல் தொகுப்பு ஒன்றுக்கு நாடக அரங்கின் முகப்பு விளக்குப் பலகையையே மாற்றி எழுதச் செய்து படமெடுத்து அட்டையாக்கினார். அவர் சுவரொட்டிப் பள்ளியில் தேறியவர். சுவரொட்டிக்கு உரிய விதிகள், அதாவது ஒரே உருவம், தட்டையான நிறம், தூரத்திலிருந்து படிக்கக்கூடிய எழுத்து, எல்லாம் முதல் நாளிலேயே ரெக்கார்டு அட்டைக்கு வந்துவிட்டன. 1948-இல் எல்.பி. வந்தபோது முப்பது சென்டிமீட்டர் சதுரம் நிலைபெற்றது. சதுரம் பொல்லாத வடிவம். நிலப்பரப்புக்கு அகலம் போதாது, ஆள் நின்றால் பக்கங்கள் காலி. நான்கு பேரை வரிசையாக நிறுத்தினால் மேலும் கீழும் வெறும் இடம். ஃப்ரீமன் பீட்டில்ஸை வரிசையில் நிறுத்தாமல் ரிங்கோவை மட்டும் கீழ் வலது மூலைக்குத் தள்ளியதற்குக் காரணம் இதுதான்: சதுரத்தை நிரப்ப வேண்டும். இன்று அந்த அமைப்பைப் பார்த்தால் ஏதோ தத்துவம் போலத் தெரிகிறது. பிறகு கடை. ரெக்கார்டுகளைப் பெட்டியில் நிறுத்தி வைப்பார்கள், வாங்குபவர் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பார். முதலில் கண்ணில் படுவது மேல் விளிம்பு. அதனால் பெயர் மேலே ஏறியது, முகமும் மேலே ஏறியது. கடைசியாகக் காசு. 1976-இல் ரமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பத்துக்கு, ராபர்ட்டா பெய்லி ஒரு பத்திரிகைக்காக எடுத்த படத்தை 125 டாலருக்கு வாங்கினார்கள். நியூயார்க் பவரி பக்கம் ஒரு செங்கல் சுவர், கிழிந்த ஜீன்ஸ், தோல் ஜாக்கெட், நான்கு பேர். ஸ்டுடியோ இல்லை, செட் இல்லை. பிறகு வந்த பங்க் குழுக்கள் பல செங்கல் சுவரைத் தேடிப் போனது ஸ்டுடியோ வாடகைக்கு வழியில்லாமல் மட்டும் அல்ல. சுவர் அதற்குள் பங்க் என்று அர்த்தமாகிவிட்டது. வறுமை ஒருமுறை செய்த காரியம் அடுத்த முறை அடையாளமாகிறது. இந்தக் கலையில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

மீதிப் பாதிக் காரணம், எல்லோரும் ஒரே கிடங்கிலிருந்து எடுத்தது. பள்ளிப் பாடப்புத்தகம், கலைக்கூட அட்டை, காலண்டர், பழைய சினிமா ஸ்டில். 1973-இல் வந்த பிங்க் ஃபிளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' அட்டையை யாருக்கும் விவரிக்கத் தேவையில்லை: கறுப்பில் ஒரு முப்பட்டகம், இடமிருந்து ஒரு வெள்ளைக் கதிர், வலது பக்கம் வண்ணப்பட்டை. ஹிப்னாசிஸ் நிறுவனத்தின் ஸ்டார்ம் தோர்கர்சனும் ஆப்ரி பவலும் யோசித்தது, ஜார்ஜ் ஹார்டி வரைந்தது. யோசனை வந்த இடம் இயற்பியல் பாடப்புத்தகத்தில் இருந்த ஒரு படம். கவனித்துப் பார்த்தால் வண்ணங்கள் ஆறுதான். நியூட்டன் சொன்ன கருநீலத்தை விட்டுவிட்டார்கள். சரி, இதில் வம்சாவளி தேடுபவர்களுக்கு ஒரு சுவாரசியமான செய்தி. 1942-இல் பீத்தோவனின் 'எம்பரர்' கான்செர்ட்டோ ரெக்கார்டுக்கு ஸ்டைன்வைஸ் போட்ட அட்டையிலும் ஒளிக்கதிரும் முப்பட்டகமும் இருக்கின்றன. உறைக் கலையைத் தொடங்கி வைத்தவரே முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் வரைந்துவிட்டார் என்பதால் பிங்க் ஃபிளாய்டின் பெருமை குறைகிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒலியை எப்படிப் படமாக்குவது என்று யார் உட்கார்ந்து யோசித்தாலும், ஒன்று பலவாகப் பிரிகிற ஒளியில் போய் முட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஹார்டி செய்தது மற்ற எல்லாவற்றையும் கழித்தது. குழுவின் பெயர் இல்லை, ஆல்பத்தின் பெயர் இல்லை, இசைக் கருவி இல்லை. கழித்ததுதான் அவர் செய்த வேறுபாடு. ஜாய் டிவிஷனின் 'அன்னோன் பிளெஷர்ஸ்' அட்டைக்கும் (1979) இதே கதைதான். கறுப்பில் வெள்ளை மலைத்தொடர் போல அடுக்கிய கோடுகள். அவை சிபி 1919 என்ற துடிப்பு விண்மீனின் ரேடியோத் துடிப்புகள். ஹரால்ட் கிராஃப்ட் 1970-இல் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வேட்டுக்காகக் கணினியில் வரைவித்தவை. அங்கிருந்து கேம்பிரிட்ஜ் வானியல் கலைக்களஞ்சியத்துக்குப் போய், அதிலிருந்து பீட்டர் சாவில் கைக்கு வந்தன. புத்தகத்தில் வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு. சாவில் அதைத் திருப்பிப் போட்டார். தாளாக இருந்தது இருட்டாயிற்று. அறிவியல் வரைபடம் என்ற நிலையிலிருந்து அது வேறெங்கோ போய்விட்டது, அதற்கு ஆன செலவு நிறத்தைத் தலைகீழாக்கியதுதான்.

இந்தக் கிடங்கில் தனி அலமாரியே ஒருவருக்கு உண்டு: பெல்ஜிய ஓவியர் ரெனே மக்ரீத். 1969-இல் ஜெஃப் பெக் குழுவின் 'பெக்-ஓலா' அட்டையில் ஓர் அறையை முழுக்க அடைத்துக்கொண்டு பச்சை ஆப்பிள் உட்கார்ந்திருக்கிறது. அது மக்ரீத்தின் ஓவியமே. 1974-இல் ஜாக்சன் பிரவுனின் 'லேட் ஃபார் த ஸ்கை' அட்டையில் வானம் பகல், தெரு இரவு. மக்ரீத்தின் 'ஒளியின் பேரரசு' ஓவிய வரிசையை அமெரிக்க வீதிக்குக் கொண்டுவந்து காரும் நிறுத்தியது. 1977-இல் ஸ்டிக்ஸ் குழுவின் 'த கிராண்ட் இல்யூஷன்' அட்டையில் குதிரையில் போகும் பெண்ணும் மரங்களும் ஒருவரையொருவர் வெட்டி மறைக்கிறார்கள், அதுவும் அவருடையது. பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனச் சின்னமே மெக்கார்ட்னி வாங்கிய மக்ரீத் ஆப்பிளிலிருந்து வந்தது. ஏன் இவர் மட்டும்? பிகாசோவையோ கண்டின்ஸ்கியையோ சதுரத்தில் அடைத்தால் அவர்கள் அலங்காரமாகிவிடுகிறார்கள். மக்ரீத் படத்தில் எல்லாம் விளம்பரப் படம் போலத் துலக்கமாக, தட்டையாக இருக்கும்; ஒரே ஒரு விஷயம் மட்டும் தப்பாக இருக்கும். கடையில் விரலால் தள்ளிக்கொண்டு போகிறவரை நிறுத்த அந்த ஒரு தப்பு போதும். இதில் வியப்பும் இல்லை. மக்ரீத் 1920-களில் பிழைப்புக்காகப் பாட்டுப் புத்தக அட்டைகள் வரைந்தவர், சுவர்த்தாள் வடிவமைத்தவர். கலைக்கூடத்திலிருந்து ரெக்கார்டு கடைக்கு இறங்கி வந்தார் என்பதைவிட, இசை அட்டையிலிருந்து கலைக்கூடம் போய்த் திரும்பி வந்தார் என்பதே சரி.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் கசப்பானது. இதெல்லாம் வியாபாரம், இன்ன வகை இசை என்று வாடிக்கையாளருக்குச் சைகை காட்டுவதற்காக ஒரே மாதிரி போடுகிறார்கள், நீ எதற்கு நன்னூலையெல்லாம் இழுக்கிறாய் என்று கேட்கலாம். வியாபாரம்தான், யார் இல்லையென்றார்கள்? 1950-களின் நடுவிலிருந்து 1967 வரை ப்ளூ நோட் நிறுவனத்துக்கு ரீட் மைல்ஸ் ஏறக்குறைய 500 அட்டைகள் செய்தார். ஃபிரான்சிஸ் வூல்ஃபின் புகைப்படம், அதன் மேல் ஒற்றை நிறப் பூச்சு, தடித்த எழுத்து. நிறம் குறைந்தது பட்ஜெட்டால். மைல்ஸுக்கு ஜாஸில் பெரிய நாட்டமில்லை. நிறுவனம் கொடுத்த இலவச ரெக்கார்டுகளைக்கூடக் கைமாற்றிவிடுவாராம். அப்படியிருந்தும் ஜாஸ் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று உலகம் நினைப்பது அவர் செய்ததைத்தான். வியாபாரச் சைகை கலை மரபாக மாறியதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அந்த மரபை எடுத்தவர்களிடம்தான் தர வேறுபாடு தெரிகிறது. 1984-இல் ஜோ ஜாக்சன் 'பாடி அண்ட் சோல்' அட்டைக்கு 1957-இன் 'சோனி ராலின்ஸ், தொகுதி 2' அட்டையை அச்சு அசலாகப் போட்டுக்கொண்டார்: சாக்ஸஃபோன், சாய்வு, நிறம் எல்லாம். அழகாக இருக்கிறது, ஆனால் 'எனக்கு இந்த ரெக்கார்டு பிடிக்கும்' என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதாக எனக்குப் படவில்லை. 1981-இல் எல்விஸ் காஸ்டெல்லோ 'ஆல்மோஸ்ட் ப்ளூ' ஆல்பத்துக்குக் கென்னி பரலின் 'மிட்நைட் ப்ளூ' சாயலை வைத்தபோது உள்ளே இருந்தது ஜாஸ் இல்லை, நாஷ்வில்லில் பதிவான கண்ட்ரி பாடல்கள். ஜாஸ் உடுப்பில் கண்ட்ரி. குறும்புதான், அட்டை பொய்ச் சைகை காட்டுகிறது. ஆனால் சைகைக்கு அர்த்தம் நிலைபெற்றிருந்தால்தான் பொய்ச் சைகையும் காட்ட முடியும்.

இந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்தது புக்கர் டி அண்ட் த எம்.ஜி.ஸ் குழுவின் 'மக்லெமோர் அவென்யூ'. 1969 செப்டம்பரில் பீட்டில்ஸின் 'ஆபி ரோடு' வெளியானது; சில மாதங்களில், 1970-இல், இவர்கள் அந்தப் பாடல்களையே பெரும்பாலும் வாத்திய இசையாக வாசித்து ஒரு ஆல்பம் போட்டார்கள். ஸ்டாக்ஸ் ஸ்டுடியோ இருந்த தெருவின் பெயரே தலைப்பு. அட்டையில் நான்கு பேர் அந்தத் தெருவைக் கடக்கிறார்கள். பார்த்தவுடன் சிரிப்பு வரும், அவ்வளவுதான் என்று விட்டுவிடவும் தோன்றும். ஆனால் தெரு இருப்பது மெம்பிஸ் நகரில். நால்வரில் இருவர் கறுப்பர், இருவர் வெள்ளையர். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டது அதே ஊரில். லண்டனில் நான்கு நண்பர்கள் சாலை கடந்தால் அது ஒரு காலைப் பொழுது. மெம்பிஸில் இந்த நால்வர் ஒன்றாகச் சாலை கடப்பது அந்த வருடங்களில் வேறு கனம் உள்ள காட்சி. அவர்கள் அதை நினைத்துச் செய்தார்களா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. அட்டையில் இருப்பதைச் சொல்கிறேன். பீட்டில்ஸ் அட்டையை அப்படியே ஒத்திருப்பதால்தான் இடமும் ஆட்களும் மாறியது இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது.

இதுவரை எல்லாம் என் பக்கம் சாதகமாகவே போனது. சங்கடமான வழக்கு ஒன்று இருக்கிறது, அது நம் வீட்டுச் சுவரிலிருந்தே போனது. 1967 டிசம்பரில் வந்த ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 'ஆக்சிஸ்: போல்ட் ஆஸ் லவ்' அட்டையில் விசுவரூப தரிசனம். 'விராட் புருஷன் – விஷ்ணுரூபம்' என்ற அச்சுச் சாமி படம். பல தலைகள், பல கைகள், சுற்றிலும் தேவர்கள். அதன் நடுவே ஹெண்ட்ரிக்ஸ், நோயல் ரெடிங், மிட்ச் மிட்செல் மூவரின் முகங்களை ரோஜர் லா வரைந்து பொருத்தினார். இதை என் அளவுகோலில் நிறுத்தினால் தேறாது. முன்னோர் படம் முழுசாக இருக்கிறது. பின்னோன் செய்தது முகத்தை மாற்றியது மட்டும். அந்த மாற்றத்துக்குப் பின்னால் யோசனை ஒன்றும் இல்லை. 1967-இல் லண்டனில் இந்தியா என்றாலே ஒரு மயக்கம், அதைத் தாண்டி எதுவும் இல்லை. ஹெண்ட்ரிக்ஸுக்கே திருப்தியில்லை, தன் ரத்தத்தில் இருக்கும் அமெரிக்கப் பழங்குடி மரபைக் காட்டியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும் என்று வருத்தப்பட்டிருக்கிறார். தமிழ் இந்துக்கள் கணிசமாக வாழும் மலேசியாவில் 2014-இல் அரசு இந்த அட்டைக்குத் தடை போட்டது. 1997-இல் ஏரோஸ்மித் 'நைன் லைவ்ஸ்' ஆல்பத்துக்குக் காளிங்க நர்த்தனப் படத்தில் கிருஷ்ணனுக்குப் பூனைத் தலை வைத்து, இந்து அமைப்புகள் எதிர்த்ததும் அட்டையையே மாற்ற வேண்டியதாயிற்று. இதற்கு வழக்கமாகச் சொல்லும் சமாதானம், காலண்டர் படங்களே ஒன்றைப் பார்த்து ஒன்று வரைந்தவைதானே, அவற்றுக்கு ஏது உரிமைக்காரர் என்பது. உண்மைதான், விசுவரூபத்துக்கு இலக்கணம் உண்டு. எந்தக் கையில் எது என்று ஓவியர் இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. ஆனால் காலண்டர் ஓவியர் அதைப் பார்த்து வரையும்போது, எது மாறலாம் எது மாறக்கூடாது என்று தெரிந்து வரைகிறார். லண்டன் வடிவமைப்பாளருக்குத் தெரிந்தது வண்ணம் மட்டும். பொதுக் கிடங்கு என்று நான் மேலே சொன்னேனே, அந்தக் கிடங்கில் எல்லாப் பொருளும் ஒரே மாதிரிப் பொருள் அல்ல என்பதை இந்த வழக்கு காட்டுகிறது. முப்பட்டகத்தை யாரும் கும்பிடுவதில்லை. கிராஃப்டின் வரைபடமும் முழுக்கச் சுத்தமான வழக்கு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஆய்வேட்டுக்காக உழைத்து வரைவித்தவரின் பெயர் அட்டையில் இல்லை, இன்று டி-ஷர்ட் போட்டிருப்பவர்களில் பலருக்கு அது விண்மீன் என்பதே தெரியாது. விலகிய இடத்தில் யோசனை இருப்பது கலையாக மன்னிப்பு வாங்கித் தரும். பெயர் போடாததற்கு அது சமாதானம் ஆகாது. பெரிய நிறுவனங்கள் தங்கள் படத்தை யாராவது தொட்டால் மட்டும் உஷாராக இருந்ததையும் மறக்க வேண்டாம். 1968-இல் ஃபிராங்க் ஜாப்பாவின் குழு பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' அட்டையைக் கிண்டலடித்தபோது வழக்கு வருமோ என்று பயந்து அந்தப் படத்தை உள்ளே தள்ளி, உள்ளே இருந்ததை வெளியே வைத்தார்கள். அந்தச் 'சார்ஜன்ட் பெப்பர்' அட்டையே ஐம்பதுக்கு மேற்பட்டவர்களின் படங்களை வெட்டி நிறுத்தியது என்பது வேறு. (அதில் காந்தியும் இருந்தார். இந்தியாவில் ரெக்கார்டு விற்காமல் போகுமோ என்று ஈ.எம்.ஐ. தலைவர் கவலைப்பட்டதால் எடுத்துவிட்டார்கள்.)

கடைசியாக, மூலம் என்பது எப்போதுமே மூலமாகப் பிறப்பதில்லை. 'ஆபி ரோடு' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1969 ஆகஸ்ட் 8 காலையில் போலீஸ்காரர் ஒருவர் வண்டிகளை நிறுத்திவைக்க, இயன் மக்மிலன் ஏணி மேல் ஏறி நின்று, பத்து நிமிடத்தில் ஆறு படங்கள் எடுத்தார். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைக்கு அது ஸ்டுடியோ வாசலில் இருந்த கடவையில் அவசரமாக எடுத்த ஒரு படம். புக்கர் டி, அதன் பிறகு எத்தனையோ குழுக்கள், 1988-இல் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ், அப்புறம் நாள்தோறும் அங்கே போய்க் காலை அகட்டி நிற்கும் சுற்றுலாப் பயணிகள், இவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்ப நடந்துதான் அந்தக் கடவையை இன்றைய கடவையாக்கினார்கள். 2010-இல் பிரிட்டன் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாகவே அறிவித்தது. அசல் படத்தில் நடந்தவர்களில் ஒருவரும் ஒருமுறை இந்த வரிசையில் வந்து நின்றார். மெக்கார்ட்னி இறந்துவிட்டார் என்று 1969-இல் கிளம்பிய வதந்திக்கு ஆதாரமாக ரசிகர்கள் காட்டிய ஒன்று, அட்டையில் நிற்கும் ஃபோக்ஸ்வேகன் காரின் எண்: 28 இஃப், அதாவது இருந்திருந்தால் இருபத்தெட்டு. 1993-இல் 'பால் இஸ் லைவ்' ஆல்பத்துக்கு மெக்கார்ட்னி அதே கடவையில் ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் நிற்கும் காரின் எண் 51 இஸ். அந்த வருடம் அவருக்கு வயது ஐம்பத்தொன்று.